கிணற்றை விட்டுப் போன ஆமை

அத்தியாயம் ஆறு

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த எல்லப்பன், மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தான்.

"சார், இத்தக் கெணறுன்றதா, ரோடுன்றதா? மேல ரெண்டு வண்டி சல்லி கொட்டிட்டா நேரா மெட்ராஸுக்கே பஸ் வுடலாம்."

துப்பறியும் உலகநாதன் கைப்பிடிச் சுவரில் கையூன்றித் தானும் குனிந்து பார்த்தார். செங்கல் வளைவுக்குக் கீழே, தண்ணீர் இருந்த இடத்தில் தார் படர்ந்து கிடந்தது. வானம்கூட அதில் தெரியவில்லை.

உலகநாதன் செங்கற்பட்டில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். சட்டப் புத்தகத்தை முழுக்கப் படித்துத் தொலைத்ததால் அந்த உத்தியோகம் ஒட்டாமல் போய், ராஜிநாமா கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கு எதிர் மாடியில் பலகை மாட்டிக்கொண்டார். எல்லப்பன் அவருடைய உதவியாள். அதற்கு முன்பு செங்கற்பட்டு - மகாபலிபுரம் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழித்ததைவிட வாய் கிழியப் பேசியது அதிகம் என்று முதலாளி அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்.

இருவரும் நிற்கும் ஊர் மணற்பாக்கம். மகாபலிபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கும் சின்ன ஊர். கிணறு மிராசுதார் ராஜகோபாலனுக்குச் சொந்தம். ஆனால் அவர் வீட்டுக் கொல்லையில் இல்லை, சாலையோரத்தில் இருந்தது. ஊரில் எல்லாரும் அதில்தான் தண்ணீர் சேந்தினார்கள். காலனி ஜனங்களைத் தவிர.

போன வருஷம் சட்டம் வந்துவிட்டது. ஊர் பொதுவாகப் புழங்குகிற கிணற்றில் யாரையும் தடுக்கக்கூடாது. ஒரு திங்கட்கிழமை தாசில்தாரே வந்து, காலனிப் பெண்களை முன்னால் நிறுத்தித் தண்ணீர் சேந்த வைப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை விடிந்தபோது கிணற்றில் தார். பக்கத்திலேயே காலி டிரம் ஒன்று. மகாபலிபுரம் ரோட்டில் தார் போடும் கேங்கின் முத்திரை அதில் இருந்தது.

அந்தக் கேங்கில் வேலை செய்தவன் காலனியைச் சேர்ந்த ராஜேந்திரன். 'எங்க கொடம் எறங்காத கெணத்துல எவன் கொடமும் எறங்காம பூடும்' என்று பத்துப் பேர் நடுவில் அவன் கத்தியிருந்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? இந்தியன் பீனல் கோடு, நானூற்று முப்பதாவது பிரிவு. மனிதர் குடிக்கும் தண்ணீரைக் குறைக்கும்படி சொத்துக்குச் சேதம் விளைவித்தல். ஐந்து வருஷம்வரை உள்ளே தள்ளலாம்.

ராஜேந்திரனுக்காக வாதாடும் வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் காலையில் உலகநாதனைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குக் கேஸ் வருது ஓய். மத்தியானம் கோர்ட் கூடறதுக்குள்ளே ஏதாவது ஒரு துரும்பைக் கொண்டாங்கோ. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

துரும்புதான் கிடைக்கவில்லை. கிணற்றடியில் இருந்தது செத்த மீன்களின் குவியல் ஒன்றுதான். வாரி வெளியே கொட்டியிருந்தார்கள். தார் பூசிய கெண்டைகள் வெயிலில் காய்ந்து, கருவாடா கரியா என்று தெரியாமல் கிடந்தன.

"மேரியம்மா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று கூப்பிட்டார் உலகநாதன்.

ராஜேந்திரனின் மனைவி மேரி சாலைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் நின்றிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவள். கெட்டுப்போன கிணற்றுக்கும்கூட, பழகிய தூரத்தில்தான் அவள் நின்றாள். கூப்பிட்ட பிறகும் சாலையின் பாதிவரைக்கும்தான் வந்தாள்.

"இந்தக் கிணத்துல மீன் விட்டது யாரு?"

"பெரியவூட்டுலதான் சார், மிராசுதார் வூட்டுல. தண்ணி சுத்தமா இருக்கணும்னு. மீனு, அப்புறம் ஒரு ஆமை."

"ஆமையா?"

"ஆமா சார். நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே இருந்து அது கீது. வருசா வருசம் தூர் வாரும்போது மேல எடுத்து, மாலை போட்டு, அண்டாவுல வச்சிருப்பாங்க. ஓட்டுல ஓட்டை போட்டுச் செப்புக் கம்பியில ஒரு வளையம் மாட்டியிருக்கும். நாங்கள்லாம் தோ, இங்க நின்னு வேடிக்கை பாப்போம்."

உலகநாதன் மீன் குவியலைக் குச்சியால் கிளறினார். பிறகு மறுபடி கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"எல்லப்பா, ஆமை எங்கே?"

"உள்ள முழுகிப் போயிருக்கும் சார்."

"ஆமை செத்தா மிதக்கும். மீனை வாரினவங்க அவ்வளவு பெரிய ஆமையை விட்டு வைப்பாங்களா? இங்கே ஓடு இல்லை, எலும்பு இல்லை, ஒண்ணுமில்லை. நேர் சுவர்க் கிணறு. ஆமைக்குச் சிறகும் கிடையாது."

எல்லப்பன் தலையைச் சொறிந்தான். "ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுன்னுவாங்க. இன்னா சார், இங்க ஆமை வெளியே போய்க் கெணறு உருப்படாம பூட்ச்சு."

"இப்பத்தான் நீ சம்பளத்துக்குப் பேசினே" என்றார் உலகநாதன். "ஆமையை யாரோ முன்னாடியே வெளியே எடுத்திருக்காங்க. ஏன் எடுக்கணும்? தார் வரப்போகுதுன்னு தெரிஞ்சதால. கிணத்தைக் கெடுக்கணும்னு ஆத்திரத்துல வர்றவன் ஆமைக்கு அனுதாபப்பட மாட்டான். அப்படியே பட்டாலும், ராஜேந்திரனைக் கிணத்துக்கிட்டேயே விடமாட்டாங்களே! கிணத்துல ஆளை இறக்கி ஆமையை எடுக்க யாரால முடியும்?"

மேரியின் கண்கள் விரிந்தன. "பெரியவூட்டு ஆளுங்களால மட்டுந்தான் சார் முடியும்."

"நீங்க பள்ளிக்கூட வேலையை முடிச்சுட்டு நேரா கோர்ட்டுக்கு வந்துடுங்க" என்றார் உலகநாதன். "நாங்க ஆமையைப் பார்த்துட்டு வர்றோம்."

அவளிடம் அப்படி உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு அவருக்குப் பல தடவை தோன்றியது.

ஓர் ஆமையை உயிரோடு காப்பாற்ற நினைப்பவர் அதை எங்கே கொண்டுபோய் விடுவார்? சமுத்திரத்தில் விட்டால் கிணற்றாமை பிழைக்காது. மணற்பாக்கத்து ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. இந்தக் கோடையிலும் தண்ணீர் நிற்கிற இடம் மகாபலிபுரத்துக் கோயில் குளம் ஒன்றுதான்.

பஸ்ஸில் எல்லப்பனுக்குப் பழைய மரியாதை இன்னும் இருந்தது. புதுக் கண்டக்டர் அவனைக் கண்டதும், "வா அண்ணாத்த, ஒக்காரு" என்றான்.

"இன்னா விசயமா மகாபலிபுரம்?"

"ஆமை புடிக்க."

"ஏன் அண்ணாத்த, கண்டக்டர் வேலையே பரவால்லையே!"

குளக்கரையில் பூ விற்கும் காசியம்மாள் எல்லப்பனைப் பார்த்ததும் சிரித்தாள். அவன் பஸ்ஸில் அவள் கூடைக்கு ஒருநாளும் சார்ஜ் வாங்கியதில்லை.

"ஆமையா? தோ, அந்தப் படியில வெயில் காய்து பாரு."

பாசி படிந்த கீழ்ப்படியில், தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் அது இருந்தது. எல்லப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினான். அவன் நிழல் பட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டின் ஓரத்தில், பச்சை பூத்த செப்பு வளையம்.

"சார், குற்றவாளி கூண்டோட கீறாரு!"

"யார் கொண்டாந்து விட்டது காசியம்மா?"

"மணற்பாக்கத்துப் பெரியவூட்டு அம்மா. வண்டில அண்டாவோட எடுத்தாந்து வுட்டுட்டுப் போச்சு. கெணத்துல தாரு ஊத்திட்டாங்கன்னு மறுநாள்தான் ஊரெல்லாம் ஒரே பேச்சு. அதுக்கு முந்தின சாயங்காலமே வந்துட்ச்சுப்பா இது. நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்? அந்தம்மா தெனம் வந்து பொரி போடுது. கொஞ்சம் இரு, இப்ப வரும்."

வந்தாள். ஒற்றை மாட்டு வண்டியிலிருந்து இறங்கிய ரங்கநாயகி நடுத்தர வயதுக்காரி. மடிசார்ப் புடவை, கையில் பொரிப் பொட்டலம். குளப்படியில் இரண்டு ஆண்கள் நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

உலகநாதன் கைகூப்பினார். "ஆமை சௌக்கியமா இருக்கும்மா."

அவள் கையிலிருந்த பொட்டலம் நழுவிப் பொரி படியெல்லாம் சிதறியது.

"நீங்க... போலீஸா?"

"இல்லைம்மா. ராஜேந்திரனுக்காக வந்திருக்கேன். கிணத்துல தார் விழப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

ரங்கநாயகி குனிந்து, சிதறிய பொரியை ஆமையின் பக்கம் ஒதுக்கித் தள்ளினாள். பேசியபோது குரல் மெலிந்திருந்தது. "கெணறு இருந்தாத்தானே கவர்மெண்ட் வந்து தெறந்து விடும்னார். எங்காத்துக்காரர்தான். ராத்திரி காரியஸ்தனை விட்டுத் தாரைக் கொட்டிடப் போறேன்னு, என்னமோ மாவு அரைக்கச் சொல்ற மாதிரி என்னண்ட சொன்னார். வேண்டாம்னேன். அந்தாத்துல என் பேச்சு என்னிக்கு எடுபட்டிருக்கு? வாயில்லாத ஜீவன், பெருமாளே எடுத்த அவதாரம், ஆமையை மட்டுமாவது எடுத்துக்கறேன்னேன். சிரிச்சுண்டே எடுத்துக்கோன்னார்."

"அடப் பாவி மனுசா!" என்று எல்லப்பன் வாய்க்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"அந்தப் பிள்ளை ஜெயிலுக்குப் போயிடுவானா?" என்றாள் அவள்.

"நீங்க கோர்ட்டுல வந்து சொன்னாப் போகமாட்டான்."

அவள் மறுப்பாள், அழுவாள், வண்டியில் ஏறிக்கொள்வாள் என்றுதான் உலகநாதன் எதிர்பார்த்தார். அவளோ முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "சொல்றேன்" என்றாள். "அன்னியிலேருந்து நேக்குத் தூக்கம் கெடையாது. என்ன ஆனாலும் ஆகட்டும், வரேன்."

அப்போதுதான் உலகநாதனின் நெஞ்சில் ஒரு முள் குத்தியது. புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னதை, அவன் சம்மதமில்லாமல் கோர்ட்டில் சொல்ல விடமாட்டார்கள். சாட்சியச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. அதை அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார்.

ரங்கநாயகி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆத்துல அவர் பேச விடலை. வெளியிலே வந்தா சட்டமும் பேச விடாதா?"

உலகநாதன் கூசிப்போனார். சட்டத்தை எழுதியவர் தானே என்பதுபோல் இருந்தது. பிறகு சட்டென்று வழி புலப்பட்டது.

"அம்மா, அவர் சொன்னதைத்தான் சொல்லக்கூடாது. நீங்க செஞ்சதைச் சொல்லலாம். முந்தின சாயங்காலம் ஆமையைக் கிணத்துலேருந்து எடுத்தேன், குளத்துல விட்டேன். அவ்வளவு போதும். ஏன்னு நீங்க சொல்ல வேண்டாம். கோர்ட்டுல இருக்கற எல்லாருக்கும் தானாப் புரியும்."

"ஒரு டவுட்டு சார்" என்றான் எல்லப்பன். "அவரு கெணறு, அவரு சொத்து. என் வேட்டியை நானே கிழிச்சுக்கினா எவன் கேஸ் போடுவான்?"

"உன் வேட்டியைக் கிழிச்சா உனக்குத்தான் நஷ்டம். ஊரே குடிக்கிற தண்ணியைக் கெடுத்தா அப்படி இல்லை. அடுத்தவனுக்கு நஷ்டம் வரணும்னு சொந்தச் சொத்தை அழிச்சாலும் குற்றந்தான். சட்டத்துல தெளிவா எழுதியிருக்கு. ராஜேந்திரன் வெளியே வர்றது மட்டுமில்லை எல்லப்பா, மிராசுதார் உள்ளே போகவும் வழி இருக்கு."

"அப்ப இன்னா சார் நிக்கிறீங்க? பஸ்ஸு வந்துகினு கீது!"

ரங்கநாயகி வண்டிக்காரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ்ஸில் அவள் முன்னே போயிருப்பாளோ என்னவோ, ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றத்து மலை வந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். எல்லப்பன் அவளைச் சிரிக்க வைக்க வழியெல்லாம் கண்டக்டர் கதைகளாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு தடவை சிரிக்கவும் சிரித்தாள். உலகநாதன், எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி என்று மனத்துக்குள் வரிசை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வழக்கு இவ்வளவு அழகாகக் கைக்குள் வந்து உட்கார்ந்து அவருக்கு வெகு காலம் ஆகியிருந்தது.

செங்கற்பட்டுக் கோர்ட் வளாகத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது, வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"துரும்பு கேட்டீங்களே, தூணே கொண்டாந்திருக்கேன்" என்றார் உலகநாதன்.

வக்கீலின் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. "எல்லாம் முடிஞ்சு போச்சு ஓய்."

"என்ன முடிஞ்சது? கேஸ் மத்தியானம்தானே?"

"காலம்பற முதல் கேஸாக் கூப்பிட்டுட்டா. கூண்டிலே ஏறினதும், நான் வாயைத் தெறக்கறதுக்குள்ளே, 'எசமான், நாந்தான் செஞ்சேன்'னுட்டான். மாஜிஸ்டிரேட் ரெண்டு தரம் எச்சரிக்கை பண்ணார். நான் பக்கத்திலே போய்க் காதோட காதா மன்றாடினேன். மூணாந்தரமும் அதையேதான் சொன்னான். குத்தத்தை ஒத்துண்டதாலே கருணை காட்டறேன்னு ஆறு மாசத்தோட விட்டார். கட்சிக்காரனே குத்தத்தை ஒத்துண்டா வக்கீல் என்ன பண்ணுவான், சொல்லுங்கோ?"

உலகநாதனுக்குப் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"நீ எங்கே இங்கே?"

ராஜகோபாலன். பட்டுக்கரை அங்கவஸ்திரம், கையில் வெற்றிலைச் செல்லம். குரலில் கோபம்கூட இல்லை. காணாமல்போன பண்டத்தைத் தெருவில் கண்டவரின் குரலாக இருந்தது. ரங்கநாயகியின் உதடுகள் திறந்தன. கேட்பதற்குத்தான் இப்போது கோர்ட் இல்லை. அவள் உலகநாதனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வந்த வண்டி வெளியிலே நிக்கறது. போய் ஏறு."

அவள் போனாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இனி அவள் என்ன பாடுபடப் போகிறாளோ என்று உலகநாதன் நினைத்தார். நினைப்பதைத் தவிர அவர் செய்வதற்கும் ஒன்றுமில்லை.

கோர்ட்டின் பின் தாழ்வாரத்தில், கைவிலங்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் ராஜேந்திரன். பழைய பழக்கத்தில் கான்ஸ்டபிள் உலகநாதனுக்கு சல்யூட் அடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனான்.

"ராஜேந்திரா, ஏன் இப்படிப் பண்ணினே? நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும். செஞ்சது யாருன்னும் தெரியும். சாட்சியோட வந்திருக்கேன். இப்பவும் அப்பீல் போடலாம்."

ராஜேந்திரன் அமைதியாக நிமிர்ந்து பார்த்தான். "எனக்கும் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"எங்க கேங்க்ல இருந்து டிரம்ம வண்டில ஏத்தினு போனதே அவரு காரியஸ்தன்தான். நான் கண்ணால பாத்தேன்."

உலகநாதன் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துவிட்டார். ஆமையைத் தேடி, வளையத்தைப் பார்த்து, ஒரு பெண்ணின் வாயைத் திறக்க வைத்து அவர் கண்டுபிடித்த அந்தப் பெரிய ரகசியம், முதல் நாளிலிருந்தே இந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது.

"பின்னே ஏன் வாயைத் திறக்கலை?"

"யாராண்ட சொல்றது சார்? டேசன்ல சொன்னா, அவர் கெணத்தை அவரே கெடுப்பாரான்னு அறையறாங்க. நேத்து அந்தக் காரியஸ்தன் இங்க லாக்கப்புக்கே வந்தான். காலனி மனை அத்தினியும் பெரியவூட்டுப் பட்டா. கேஸு நடத்தினா அத்தினி குடிசையும் பிரிச்சுடுவோம்னான். ஒத்துக்கினா குடிசைங்களத் தொடமாட்டோம், காலனிக்குன்னு தனியா ஒரு கெணறும் தோண்டித் தரோம்னான்."

"தனிக் கெணறு! அவருக்கு வேண்டியதே அதுதானேடா. நீங்க ஊர்க் கெணத்துப் பக்கம் வரக்கூடாது, அதுக்குத்தானே இத்தனையும்! சட்டம் உங்க பக்கம் இருக்கு."

"கீது சார். நான் இல்லன்னு சொல்லல." ராஜேந்திரனின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "சட்டம் என்னிக்கோ ஒருநாள் வரும். தாகம் தெனம் வருது. எங்க பொம்பளைங்க இந்த வெயில்ல சவுக்குத் தோப்பு தாண்டிப் போய் மணல்ல ஊத்து தோண்டினு ஒக்காந்துகீறாங்க. பாதி நாளு உப்புத் தண்ணி. குடிசையும் பூட்டா குழந்தை குட்டிய இட்டுகினு எங்க போவாங்க? ஆறு மாசந்தானே. தார்ச்சட்டி தூக்கறதுக்கு ஜெயிலு ஒண்ணும் பெரிசில்ல."

எல்லப்பன் தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"சார், ஒரு ஒத்தாசை" என்றான் ராஜேந்திரன். "மேரி வரும். நாந்தான் செஞ்சேன்னு அதுங்கிட்ட சொல்லிடுங்க."

"என்னது?"

"நெசம் தெரிஞ்சா அது சும்மா இருக்காது சார். பெரியவூட்டு வாசல்ல போய் நின்னு கத்தும். மறுநாளே குடிசையெல்லாம் பூடும். நான் ஜெயிலுக்குப் போனதே வீணாப் பூடும். நான் சொன்னா நம்பாது. நீங்க துப்பறியறவரு. கண்டுபிடிச்சுட்டேன்னு நீங்க சொன்னா நம்பும்."

உலகநாதன் மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதற்குப் பதிலாக அவனுக்குக் கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? அப்பீல் ஜெயிக்க ஒரு வருஷம் ஆகும். குடிசை பிரிக்க ஒரு காலை போதும். மிராசுதார் தம் மனையிலிருந்து குடிசைகளைக் காலி செய்தால், அதற்கும் ஒரு சட்டம் அவர் பக்கம் வந்து நிற்கும்.

மேரி அடுத்த பஸ்ஸில் வந்தாள். பள்ளிக்கூடத்து நீலக்கரைப் புடவையோடு, வியர்வை வழிய, வளாகத்துக்குள் ஓடி வராத குறையாக வந்தாள். பஸ்ஸிலேயே பாதிச் சேதி அவள் காதில் விழுந்திருந்தது. மிராசுதார் பெரிய மனசு பண்ணிக் காலனிக்குப் புதுக் கிணறு வெட்டித் தரப்போவதாக ஊரே பேசுகிறதாம்.

"ஆமை கெடச்சுதா சார்?" என்றாள்.

எத்தனையோ கேடிகளின் கண்ணைப் பார்த்துப் பேசிய உலகநாதன், அவள் தோளுக்கு மேல் தெரிந்த வேப்பமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"கிடைக்கலைம்மா. செத்து அடியில போயிருக்கும். நான்... விசாரிச்சுப் பார்த்துட்டேன். உங்க வீட்டுக்காரர்தான் செஞ்சிருக்கார். கோவத்துல செஞ்சுட்டார். கோர்ட்டுல ஒத்துக்கிட்டார். ஆறு மாசம்."

மேரி அழவில்லை. "அவர் சொன்னாரா, நீங்க கண்டுபிடிச்சீங்களா?"

"நான் கண்டுபிடிச்சேன்."

அவள் எல்லப்பனைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் எல்லப்பன் மேல்துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததையே மறுபடி உதறினான்.

கோர்ட் வாசலில் பெயர் கூப்பிடும் டவாலியின் குரல் கேட்டு ஓய்ந்தது.

"புதுக் கெணறு வருதாமே சார்" என்றாள். "எல்லாரும் குடிக்கட்டும். பாவம், குழந்தைங்க. நான் அதுல ஒரு கொடம் எடுக்க மாட்டேன். ஊத்துத் தண்ணியே எனக்குப் போதும்."

உலகநாதன் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் நம்பிட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க சார். வேற எதுவும் சொல்லாதீங்க. அவரு அப்பத்தான் நிம்மதியாப் போவாரு."

சொல்லிவிட்டு, அவள் வளாகத்தைவிட்டு வெளியே நடந்தாள். புருஷனைப் பார்க்கப் பின் தாழ்வாரத்துக்குப் போகவில்லை. போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள்போலும்.

உலகநாதன் திரும்பிப் போனபோது, ராஜேந்திரனை ஜெயிலுக்குக் கொண்டுபோக எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். தூரத்திலேயே அவரைக் கண்டுவிட்டான். அவன் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பரபரப்பு இருந்தது.

"சொல்ட்டீங்களா சார்? இன்னா சொல்லிச்சு?"

"நம்பிட்டாங்க."

"நம்பிட்ச்சா?"

"ஆமாம்."

அவன் கேட்ட உதவிதான், கேட்டபடியே நடந்தும்விட்டது. ஆனால் அதைக் கேட்டதும் ராஜேந்திரனின் முகம் மெல்ல வாடித் தொங்கியது.

"ஒடனேயா சார்?" என்றான்.

கான்ஸ்டபிள் சங்கிலியை இழுத்தான். ராஜேந்திரன் இன்னும் ஒரு தடவை அவர் முகத்தைத் தேடிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.